வெற்று வேவ்கைடில் அடங்காத அதிர்வு: என் எஃப்டிடிடி நிரலில் தவறு எங்கே?

கேட்டவர்:

வணக்கம். செவ்வக வேவ்கைடு (நுண்ணலைகளை வழிநடத்தும் உலோகக் குழாய்) ஒன்றின் முப்பரிமாண சிமுலேஷனை எஃப்டிடிடி முறையில் (இடத்தையும் நேரத்தையும் சிறு துண்டுகளாகப் பிரித்து மின்காந்தப் புலத்தைப் படிப்படியாகக் கணக்கிடும் முறை), பைத்தானையும் நம்பை நூலகத்தையும் கொண்டு நானே எழுதி வருகிறேன். குழாய்க்குள் தடுப்போ துளையோ கிளையோ வைப்பதற்கு முன்பு, ஒன்றுமே இல்லாத வெற்றுக் குழாயில் விடை சரியாக வருகிறதா என்று பார்த்துவிட விரும்பினேன். அந்த முதல் படியிலேயே மூன்று வாரங்களாக நின்றுகொண்டிருக்கிறேன்.

எடுத்துக்கொண்டது டபிள்யூஆர்-90 என்ற நிலையான வேவ்கைடு அளவு. உள் அகலம் 22.86 மி.மீ., உயரம் 10.16 மி.மீ. ஆகவே குழாயின் அடிப்படை அலைப்பாங்கான டிஇ10-இன் கட்ஆஃப் அதிர்வெண் (அதற்குக் கீழே அலை குழாயில் செல்லாது) 6.557 கிகாஹெர்ட்ஸ் ஆக இருக்க வேண்டும். கட்டத்தின் பக்கத்தை 0.508 மி.மீ. என்று வைத்தேன், அது அகலத்தை 45 ஆகவும் உயரத்தை 20 ஆகவும் மீதியின்றி வகுக்கிறது. நீளத்துக்கு 400 கட்டங்கள். நேரப்படி, கணக்கு நிலைகுலையாமல் இருப்பதற்கான உச்ச அளவாகிய கூரான்ட் வரம்பின் 0.99 மடங்கு, அதாவது 0.9685 பிகோநொடி. இரு முனைகளிலும் பத்து அடுக்குப் பிஎம்எல் (வரும் அலையைத் திருப்பாமல் உறிஞ்சும் செயற்கை அடுக்கு) இருக்கிறது. செங்குத்தாக விழும் அலை வீச்சில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே திரும்பும்படி, அதாவது −120 டெசிபல் வரும்படி, அதன் கடத்துதிறனைக் கணக்கிட்டேன். மூலம் 30-ஆவது தளத்தில் உள்ளது. அங்கே செங்குத்து மின்புலத்துக்கு, அகலவாக்கில் சைன் வடிவம் கொடுத்து, ஒரு காசியன் துடிப்பை ஒவ்வொரு நேரப்படியிலும் நேரடியாக எழுதுகிறேன். 33-ஆவது தளத்தில் புலத்தைப் பதிவு செய்கிறேன். முதல் 1500 நேரப்படிகளைச் செல்லும் அலை என்றும், 1500 முதல் 4000 வரை உள்ளதைத் திரும்பும் அலை என்றும் பிரித்து, இரண்டின் ஃபூரியே உருமாற்றங்களை வகுத்து எஸ்11, அதாவது எதிரொளிப்புக் கெழு, எடுக்கிறேன்.

வெற்றுக் குழாய் என்பதால் −60 டெசிபலுக்குக் கீழே வரும் என்று எதிர்பார்த்தேன். வந்ததோ 8 முதல் 12 கிகாஹெர்ட்ஸ் வரை −35 டெசிபல் அளவில், ஏறக்குறைய 0.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒன்றாகச் சீரான இடைவெளியில் ஏறி இறங்கும் அலையலையான கோடு. 7 கிகாஹெர்ட்ஸ் அருகே −12 வரை உயர்கிறது. 6.5-க்குக் கீழே பூஜ்யத்தையும் தாண்டிவிடுகிறது. குழாயே ஆற்றலை உண்டாக்குவது போல. பிஎம்எல் அடுக்குகளை இருபதாக்கிப் பார்த்தேன், பெரிய மாற்றமில்லை. நேரப்படியைப் பாதியாக்கியும் அதே கதைதான்.

இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. தொடர்புடையவையா என்று தெரியவில்லை. 20,000 நேரப்படிகள் வரை ஓட்டினால், துடிப்பு போய் வெகுநேரம் கழித்தும் ஒரு மெல்லிய அதிர்வு அடங்காமல் நிற்கிறது, அது 6.7 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. அதை எண்ணியல் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு, ஹான் சாளரத்தால் (பதிவின் இரு ஓரங்களையும் மெல்லச் சுழியமாக்கும் எடை) பெருக்கித் தேய்த்துவிட்டேன். அதே ஓட்டத்தில், 100 கட்ட இடைவெளியுள்ள இரு புள்ளிகளுக்கு நடுவே 10 கிகாஹெர்ட்ஸில் அலையின் கட்ட (ஃபேஸ்) வேறுபாடு 460.6 பாகை வர வேண்டியது, ஏறத்தாழ 452 பாகை வருகிறது. இது எண்ணியல் நிறப்பிரிகையால் (கட்டவலையில் அலையின் வேகம் அதிர்வெண்ணோடு சற்றே மாறுவதால்) வரும் வழக்கமான பிழைதானே?

முதல் பதில்:

கேள்வியில் எண்களை முழுமையாகக் கொடுத்திருப்பதால் ஊகத்துக்கு வேலை குறைகிறது. எஸ்11 கோட்டைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன்.

அந்தச் சீரான இடைவெளியைக் கவனியுங்கள். இரண்டு எதிரொளிக்கும் பரப்புகளுக்கு நடுவே அலை போய் வருவதால் ஏற்ற இறக்கம் உண்டாகியிருந்தால், அதன் இடைவெளி குழுத் திசைவேகத்தை (துடிப்பின் ஆற்றல் நகரும் வேகத்தை) இரு மடங்கு தூரத்தால் வகுத்த அளவாக இருக்கும். வேவ்கைடில் குழுத் திசைவேகம் அதிர்வெண்ணோடு மாறும். உங்கள் மூலத்திலிருந்து எதிர்முனைப் பிஎம்எல் தொடங்கும் இடம் வரை 360 கட்டங்கள், ஏறத்தாழ 183 மி.மீ. அந்தத் தூரத்துக்கு 8 கிகாஹெர்ட்ஸில் 0.47 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியும், 12-இல் 0.69 இடைவெளியும் வர வேண்டும். உங்களுக்கோ எங்கும் ஒரே அளவாக இருக்கிறது. ஆகவே இது இடத்திலிருந்து வந்ததன்று, நேரத்திலிருந்து வந்தது. 1500 முதல் 4000 வரை எடுத்த துண்டின் நீளம் 2.42 நானோநொடி, அதன் தலைகீழி 0.413 கிகாஹெர்ட்ஸ். இன்னும் அடங்காத ஓர் அதிர்வைக் கத்தியால் வெட்டியது போல் 4000-இல் நிறுத்தினால், அதன் ஃபூரியே உருமாற்றம் பக்க மடல்களாகப் பட்டை முழுவதும் சிதறும். நீங்கள் பார்ப்பது அந்த மடல்களைத்தான்.

அதிர்வு ஏன் அடங்கவில்லை என்பதற்குப் பாதி விடை உங்கள் துடிப்பிலேயே இருக்கிறது. சாதாரணக் காசியன் துடிப்பு சுழியத்திலிருந்து தொடங்கி எல்லா அதிர்வெண்களையும் கொண்டிருக்கும். கட்ஆஃபுக்குச் சற்று மேலே இருக்கும் பகுதி குழாயில் நடப்பதே மிக மெதுவாக. 10 கிகாஹெர்ட்ஸ் அலை உங்கள் 203.2 மி.மீ. குழாயை ஏறக்குறைய 930 நேரப்படிகளில் கடந்துவிடும், 6.6 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 6150 நேரப்படிகள் வேண்டும். ஒருமுறை போவதற்கே அவ்வளவு. நீங்கள் 4000-இல் திரையை இழுத்து மூடிவிடுகிறீர்கள்.

எனவே துடிப்பைப் பட்டைக்குள் அடக்குங்கள். 10.3 கிகாஹெர்ட்ஸ் சைனைக் காசியன் உறையால் பெருக்குங்கள். உறையின் திட்டவிலக்கம் 180 பிகோநொடி என்றால், 8.2, 12.4 ஆகிய பட்டை ஓரங்களில் நிறமாலை 24.5 டெசிபல்தான் குறையும், 6.56-இலோ ஏறக்குறைய 78 டெசிபல் குறைந்துவிடும். கட்ஆஃப் அருகே ஆற்றலே செல்லாதபோது அங்கே தேங்குவதற்கும் ஒன்றுமிருக்காது.

6.5-க்குக் கீழே பூஜ்யம் டெசிபலைத் தாண்டுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கட்ஆஃபுக்குக் கீழே அலை மின்மறுப்பு கற்பனை எண்ணாகிவிடுகிறது; அங்கே எதிரொளிப்புக் கெழு ஒன்றுக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தப் பகுதியை வரைபடத்திலிருந்தே நீக்கிவிடலாம்.

இரண்டாம் பதில்:

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். விட்டுப்போன இரண்டைச் சேர்க்கிறேன்.

முதலாவது, உங்கள் மூலம். தளத்தில் புலத்தை நேரடியாக எழுதுவதால், துடிப்பு முடிந்த பிறகு அங்கே நீங்கள் எழுதிக்கொண்டிருப்பது சுழியம். மின்புலம் சுழியமாக இருக்கும் தளம் என்றால் அது முழுக் கடத்திச் சுவர் என்றே பொருள். திரும்பி வரும் அலை உங்கள் மூலத்தில் மோதி மீண்டும் முன்னே போகிறது. பின்பக்கம் நீங்கள் வைத்த பிஎம்எல் வேலை செய்ய வாய்ப்பே கிடைப்பதில்லை. அதைவிட முக்கியம், உங்கள் அளவுப் புள்ளி அந்தச் சுவரிலிருந்து மூன்றே கட்டங்கள், 1.5 மி.மீ., தள்ளி இருக்கிறது. சுவருக்கு அருகே மோதும் அலையும் மீளும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 10 கிகாஹெர்ட்ஸில் அந்த இடத்தில், திரும்பிய அலையின் வீச்சு உண்மை அளவில் 0.48 பங்காகத்தான் பதிவாகும். அதாவது நீங்கள் படிக்கும் எதிரொளிப்பு உண்மையைவிட 6 டெசிபலுக்கு மேல் நல்லதாகத் தோன்றுகிறது. புலத்தை எழுதாதீர்கள், ஏற்கனவே உள்ள புலத்தோடு மூலத்தைக் கூட்டுங்கள். அளவுப் புள்ளியையும் நாற்பது ஐம்பது கட்டங்கள் தள்ளி வையுங்கள். கூட்டும் மூலம் இருபுறமும் அலையை அனுப்பும், ஆனால் பின்னால் போவதைப் பின்முனைப் பிஎம்எல் விழுங்கிக்கொள்ளும்.

இரண்டாவது, −120 டெசிபல் என்று நம்பியிருக்கிறீர்கள். 1994-இல் பெரெஞ்சே பிஎம்எல்லை முன்வைத்த நாளிலிருந்தே அந்த எண் செங்குத்தாக விழும் அலைக்கு மட்டுமே உரியது. டிஇ10 என்பது இரு பக்கச் சுவர்களிலும் மாறி மாறி மோதிச் செல்லும் இரண்டு தள அலைகளின் கூட்டு. அவை முனையில் சாய்வாகவே விழுகின்றன. டெசிபல் கணக்கில், அந்த −120 விழுகோணத்தின் கோசைனால் பெருக்கப்படும். 10 கிகாஹெர்ட்ஸில் கோசைன் 0.755, ஆகவே −91. 7-இல் 0.35, ஆகவே −42. 6.6-இல் 0.114, ஆகவே −14 டெசிபல்கூட வராது. கட்ஆஃபை நெருங்க நெருங்க அலை குழாயின் குறுக்கே மட்டும் ஆடுகிறது. முனையைத் தொடவே மறுக்கிறது. எந்தப் பிஎம்எல்லும் அங்கே தோற்கும். அடுக்குகளை இருபதாக்கியபோது கடத்துதிறனை அதே −120-க்கு மறுபடி கணக்கிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் இந்தக் கணக்கில் எதுவும் மாறாது.

எஸ்11-ஐ நேரத்தை வெட்டிப் பிரிப்பதையும் விட்டுவிடுங்கள். மூலத்துக்கு அப்பால் 1750 கட்டங்கள் நீளும் குழாயில் ஒருமுறை 6000 நேரப்படிகள் ஓட்டிப் பதிவு செய்யுங்கள். ஒளியின் வேகத்தில் போனாலும் அதன் எதிர்முனையிலிருந்து அதற்குள் எதுவும் திரும்ப முடியாது. பிறகு உங்கள் குழாயில் ஓட்டி, முதல் பதிவைக் கழித்தால் மிஞ்சுவது எதிரொளிப்பு மட்டுமே. ஆறு புலக்கூறுகளையும் 8 பைட்டில் வைத்தாலும் நீண்ட குழாய்க்கு 80 மெகாபைட் போதும்.

கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மூலத்தைக் கூட்டும் முறைக்கு மாற்றினேன், துடிப்பைப் பட்டைக்குள் அடக்கினேன், இரண்டு ஓட்டங்களைக் கழிக்கும் முறையையும் எழுதினேன். இப்போது 8.2 முதல் 12.4 வரை எஸ்11 −60 டெசிபலுக்குக் கீழே தட்டையாக இருக்கிறது. இவ்வளவு நாள் பிஎம்எல் சமன்பாடுகளையே திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்ட வேறுபாடு மட்டும் அப்படியே 452.5 பாகையில் நிற்கிறது. கோடு தெளிவானதால் இப்போது அரைப் பாகை வரை நம்பிச் சொல்ல முடிகிறது. இதை நிறப்பிரிகை என்று விட்டுவிடலாமா?

மூன்றாம் பதில்:

விடக் கூடாது. எஸ்11 அழகாக வந்துவிட்டதால் இந்த நிரல் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இதுவரை சரிசெய்தவை எல்லாம் அளக்கும் முறையில் இருந்த குறைகள். குழாயிலேயே ஒரு தவறு இருக்கிறது. அதன் அடையாளத்தை உங்கள் முதல் பதிவில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் நிறப்பிரிகையைக் கணக்கிலிருந்து நீக்குவோம். 10 கிகாஹெர்ட்ஸில் வெற்றிட அலைநீளம் 29.98 மி.மீ.; உங்கள் கட்டத்தில் அது 59 கட்டங்கள். யீ 1966-இல் தந்த கட்டவலையில் அவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தால் நிறப்பிரிகைப் பிழை ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. உங்கள் பிழையோ 460.6-க்கு 8 பாகை, நூற்றுக்கு 1.75. பதினேழு மடங்குக்கு மேல் பெரிய பிழையை நிறப்பிரிகையின் தலையில் கட்ட முடியாது.

இப்போது நீங்கள் இரைச்சல் என்று தேய்த்துவிட்ட அந்த அதிர்வுக்கு வாருங்கள். எண்ணியல் இரைச்சலுக்கு ஒற்றை அதிர்வெண் இருக்காது. வேவ்கைடில் அகன்ற பட்டைத் துடிப்பு ஒன்றை விட்டால், வேகமான பகுதிகள் முதலில் போய்விட, கடைசியில் மிஞ்சும் வால் கட்ஆஃப் அதிர்வெண்ணிலேயே வந்து நிற்கும். அந்த வால் குழாயின் அகலத்தை அளந்து சொல்லும் கருவி. கட்ஆஃப் 6.557 என்றால் வாலும் 6.56-இல் நிற்க வேண்டும். நீங்கள் 6.7 என்று எழுதியிருக்கிறீர்கள். 6.706 கிகாஹெர்ட்ஸ் கட்ஆஃப் தரும் அகலம் என்ன என்று கணக்கிட்டுப் பாருங்கள்: 22.352 மி.மீ. அது 0.508-ஆல் வகுத்தால் சரியாக 44. உங்கள் குழாய் ஒரு கட்டம் ஒடுங்கியிருக்கிறது.

கட்ட வேறுபாடும் அதையே சொல்கிறது. 44 கட்ட அகலமுள்ள குழாயில் 10 கிகாஹெர்ட்ஸின் வழிகாட்டு அலைநீளம் 40.41 மி.மீ.; 100 கட்டங்களுக்கு, அதாவது 50.8 மி.மீ.க்கு, 452.5 பாகை. நீங்கள் அளந்த எண்ணே அதுதான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் அளந்த இரண்டும் ஒரே இடத்தைக் காட்டும்போது, மூன்றாவது சான்று தேவையில்லை என்பது என் எண்ணம்.

நிரலைப் பார்க்காமலே ஊகிக்கிறேன்: செங்குத்து மின்புலத்தின் அணியை அகலவாக்கில் 45 என்ற நீளத்தில் உருவாக்கி, அதன் முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் சுவர் என்று சுழியமாக்குகிறீர்கள். கையை விரித்துப் பார்த்தால் ஐந்து விரல்களுக்கு நடுவே நான்கு இடைவெளிகள்தான் உண்டு. அதுபோலவே 45 புள்ளிகளுக்கு நடுவே 44 கட்டங்கள். சுவரோடு ஒட்டிச் செல்லும் புலக்கூறுக்கு இரு சுவர்களிலும் புள்ளி வேண்டும் என்பதால் நீளம் 46 ஆக இருக்க வேண்டும்.

இத்தனை நாள் இது கண்ணில் படாததற்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். மூலத்தின் சைன் வடிவத்தை, அணியின் நீளத்தையே கேட்டு வாங்கி, சுழியம் முதல் பை வரை நம்பையின் லின்ஸ்பேஸால் சம இடைவெளியில் பிரித்திருப்பீர்கள். அப்படியானால் மூலமும் ஒடுங்கிய குழாய்க்குக் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். சீரான கட்டவலையில், புள்ளிகளில் எடுத்த சைன் அந்தக் கட்டவலையின் அலைப்பாங்கேதான்; எனவே வேறு எந்த அலைப்பாங்கும் கிளம்பிக் காட்டிக்கொடுக்கவில்லை. தவறான குழாய் தனக்குள் முழுமையாக ஒத்திசைந்து இயங்கியது; எஸ்11-ஆல் இதை ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது.

சரிசெய்த பின் எப்படிச் சோதிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். இதற்கு மட்டும் பழைய அகன்ற காசியன் துடிப்பையே திரும்பக் கொண்டுவாருங்கள். ஃபூரியே உருமாற்றம் வேண்டாம். 20,000 நேரப்படிகள் என்றால் அதன் பிரிதிறன் 0.05 கிகாஹெர்ட்ஸ்தான். வாலில் பிற்பகுதியை எடுத்து, மேல்நோக்கிச் சுழியத்தைக் கடக்கும் இடங்களை எண்ணுங்கள். இப்போதுள்ள நிரலில் இருபது சுற்றுகளுக்கு ஏறக்குறைய 3079 நேரப்படிகள் வரும். சரியான குழாயில் 3149 வர வேண்டும். எழுபது நேரப்படி வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஹான் சாளரத்தை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கேட்டவர்:

அணியின் நீளம் 45. லின்ஸ்பேஸும் நீங்கள் சொன்னபடியேதான் எழுதப்பட்டிருந்தது. நிரலைப் பார்க்காமல் அந்த வரியைச் சொல்லிவிட்டீர்கள். மாற்றுவதற்கு முன்பு எண்ணினேன்: இருபது சுற்றுகளுக்கு 3078. 46 ஆக மாற்றி ஓட்டினேன்: 3148. கட்ட வேறுபாடு இப்போது 460.5 பாகை.

இரண்டாம் பதில் தந்தவர்:

வாலை நானும் படித்தேன், ஆனால் அதன் அதிர்வெண்ணை 6.557-உடன் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. நல்ல கண்டுபிடிப்பு.

ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். டிஇ10-இன் புலம் உயரவாக்கில் மாறுவதே இல்லை. ஆகவே உயரத்தில் இதே தவறு இருந்தாலும் மேலே சொன்ன எந்தச் சோதனையிலும் தெரியாது. கிடைமட்ட மின்புலத்தின் அணி உயரவாக்கில் 21 புள்ளிகள் கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். உயரவாக்கில் மாறும் டிஇ01 அலைப்பாங்கைத் தனியாகத் தூண்டி அதன் வாலையும் எண்ணுங்கள்: உயரம் 20 கட்டங்கள் என்றால் 14.75 கிகாஹெர்ட்ஸ், 19 என்றால் 15.53. பின்னால் ஐரிஸ் (துளையுள்ள தடுப்புத் தகடு) வைக்கும்போது உயரமும் கணக்கில் வரும். அப்போது தேடுவதைவிட இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

கேட்டவர்:

பார்த்தேன். அங்கேயும் 20 என்றுதான் எழுதியிருந்தேன், வால் 15.5-இல் நின்றது. 21 ஆக்கியதும் 14.75-க்கு இறங்கிவிட்டது. நாளை முதல் ஐரிஸை உள்ளே வைக்கிறேன்.